மடிப்பாக்கத்துல இருந்து கிண்டிக்கு காரா, சைக்கிளா?

புதுசா படிக்க வர்றவங்களுக்காக, இங்க கேள்வி போட்ட தம்பி கேட்டதை சுருக்கமா சொல்லிடறேன். வீடு மடிப்பாக்கம், ஆபீஸ் கிண்டி எஸ்டேட், ஒரு வழி 9 கிலோமீட்டர். கைக்கு வர்ற சம்பளம் 60 ஆயிரம். கல்யாணமாகி ஒரு வருஷம், அம்மாவும் கூட இருக்காங்க. லோன் போட்டு ஒரு சின்ன கார் எடுத்துடுன்னு வீட்ல சொல்றாங்க, ஆபீஸ்ல ஒருத்தர் "சைக்கிள்ல வாடா, மாசம் 8 ஆயிரம் மிச்சம்"னு சொல்லியிருக்கார், அந்த 8 ஆயிரம் உண்மையா, சென்னை வெயில்லயும் மழையிலயும் இது நடக்கிற காரியமா, சைக்கிள்ல போனா மரியாதை குறையுமா, இதுதான் கேள்வி. ஆனா கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, "கார் இல்லன்னா நினைச்ச நேரத்துக்கு எங்கயும் கிளம்ப முடியாதுல்ல"ன்னு, நிஜ கேள்வி அதுதான்னு எனக்கு தோணுது. காசை கூட்டிக் கழிச்சுடலாம், அது ஒரு ராத்திரி வேலை. நினைச்ச நேரத்துக்கு கிளம்பறதுக்கு என்ன விலைங்கறதுதான் கொஞ்சம் சிக்கல்.

யார் சொல்றாங்கன்னு தெரியாம கணக்கை நம்பக்கூடாதுங்கறதால என்னைப் பத்தி ரெண்டு வரி. நான் காஸ்ட் அக்கவுன்டன்ட், 22 வருஷமா அம்பத்தூர்லயும் கிண்டியிலயும் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிகள்ல வேலை, அதாவது ஊர்ல கார் விக்கிறதாலதான் என் வீட்ல உலை கொதிக்குது, அதனால கார் மேல எனக்கு எந்த கோவமும் கிடையாது. 2011ல கார் வாங்கினேன், 2014ல சைக்கிள் மிதிக்க ஆரம்பிச்சேன், 2017ல காரை வித்துட்டேன். இப்போ வீட்ல ஒரு ஸ்கூட்டர், அது வீட்டம்மாவோடது, ஒரு ஹைப்ரிட் சைக்கிள் (ரோடு சைக்கிளுக்கும் மவுன்டன் சைக்கிளுக்கும் நடுவுல ஒரு ரகம்), அது என்னோடது. நங்கநல்லூர்ல இருந்து கிண்டிக்கு ஒரு வழி 7 கிலோமீட்டர், உங்க ரூட்ல பாதி என் ரூட்டும்தான். டாக்டர் கிடையாது, அதனால உடம்பு விஷயம் சொல்ற இடத்துல மட்டும் என்னை முழுசா நம்பிடாதீங்க.

முதல்ல அந்த 8 ஆயிரம். அது ரெண்டு பக்கமும் தப்பு. கார் வாங்கிட்டு அதை வாசல்ல நிறுத்திட்டு நீங்க சைக்கிள்ல ஆபீஸ் போனா 8 ஆயிரம் எல்லாம் மிச்சம் ஆகாது, 3 ஆயிரம் ஆகும், அவ்ளோதான். காரே வாங்காம இருந்தீங்கன்னா 8 ஆயிரத்தை விட ரொம்ப அதிகமா மிச்சம் ஆகும். இந்த ஒரு வித்தியாசம் புரியாமதான் முக்கால்வாசி பேர் சைக்கிள் கணக்கு போடறாங்க. எங்க தொழில்ல இதை நிலையான செலவு, மாறும் செலவுன்னு பிரிப்போம். பெட்ரோல் ஓட்டினாதான் போகும். மத்ததெல்லாம் கார் வீட்டு வாசல்ல தூங்கினாலும் போய்க்கிட்டே இருக்கும்.

கணக்கு போட்டே காட்டறேன், உங்க நிலைமைக்கு ஏத்த மாதிரி நான் வச்சுக்கிட்ட எண்கள் இது, மாத்தி போட்டுப் பாத்துக்கோங்க. எக்ஸ் ஷோரூம் 7 லட்சத்து 60 ஆயிரம் வர்ற ஒரு சின்ன கார். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல லைஃப் டாக்ஸை ஏத்தினாங்க, 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்குமான காருக்கு 13 சதவீதம், அது மட்டுமே 99 ஆயிரம் கிட்ட வந்துடும், இன்சூரன்ஸ் அது இதுன்னு ஆன்ரோடு 9 லட்சத்து 10 ஆயிரம்னு வைங்க. 5 வருஷம் கழிச்சு என்ன விலைக்கு போகும்? இன்சூரன்ஸ்காரங்க வண்டிக்கு ஐடிவின்னு ஒரு மதிப்பு போடுவாங்க இல்லையா, அதுல நாலு வருஷம் தாண்டி அஞ்சாவது வருஷத்துல தேய்மானம் 50 சதவீதம், அதுவும் எக்ஸ் ஷோரூம் விலையில இருந்து, நீங்க கட்டின டாக்ஸ் கணக்குலயே வராது. ஆக 3 லட்சத்து 80 ஆயிரம். அப்போ 5 லட்சத்து 30 ஆயிரம் ஆவியா போச்சு. 7 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 60 மாசம்னா இஎம்ஐ 14,531, மொத்த வட்டி மட்டும் 1 லட்சத்து 72 ஆயிரம். அடுத்தடுத்த வருஷ இன்சூரன்ஸ், வருஷா வருஷம் சர்வீஸ், நடுவுல ஒரு தடவை டயரும் பேட்டரியும், எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 15 ஆயிரம். மொத்தம் 8 லட்சத்து 17 ஆயிரம். 60ஆல வகுத்தா மாசம் 13,600 ரூபாய். இன்னும் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டல, கவனிங்க.

இதுக்கு மேலதான் பெட்ரோல். ஆபீசுக்கு 22 நாள் போய் வர 396 கிலோமீட்டர், லீவு நாள் சுத்தறது 200ன்னு வச்சா மாசம் 600. சிட்டி டிராஃபிக்ல லிட்டருக்கு 13 தான் எனக்கு கிடைச்சுது, கம்பெனி சொல்ற மைலேஜ் எல்லாம் வேளச்சேரி சிக்னலை பாக்காதவங்க எழுதினது. லிட்டர் 101 ரூபாய்னா 4,660. மொத்தம் மாசம் 18 ஆயிரத்து சொச்சம். இதுல ஆபீஸ் போய் வர்ற பெட்ரோல் மட்டும் 3,080. உங்க ஃப்ரெண்டு சொன்ன 8 ஆயிரம் எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தேன், ரெண்டு நம்பருக்கும் நடுவுல எங்கயோ குத்துமதிப்பா விழுந்திருக்கு. அதனால "கார் வாங்கிட்டு சைக்கிள்லயும் போறேன்"ங்கறது உடம்புக்கு நல்ல யோசனை, பர்சுக்கு இல்ல.

சைக்கிள் பக்கம் வருவோம். கியர் வச்ச ஒரு சுமாரான ஹைப்ரிட் 18 ஆயிரம், ஹெல்மெட், முன்னாடி பின்னாடி லைட், நல்ல பூட்டு, மட்கார்டு, கேரியர் எல்லாம் 5 ஆயிரம். வருஷத்துக்கு டயர் டியூப், செயின், பிரேக் கட்டை, ரெண்டு சர்வீஸ்னு 3,500. 5 வருஷத்துல 40 ஆயிரம், மாசம் 670 ரூபாய். பாத்தா ஆளை மயக்கற நம்பர். ஆனா இதை அப்படியே எழுதி அனுப்பினா எங்க எம்டி கிழிச்சு போட்டுடுவார், ஏன்னா நிறைய செலவு இதுல ஒளிஞ்சிருக்கு. மழைக்கும் உடம்பு முடியாததுக்கும் மாசத்துல நாலு நாள் டாக்ஸி கேப் எடுப்பீங்க, போக வர 500ன்னா 2 ஆயிரம். அம்மாவையும் வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரின்னு கேப் ஒரு 3 ஆயிரம். ஆக 5,700. அப்பவும் காரோட ஒப்பிட்டா மாசம் 12,500 வித்தியாசம் நிக்குது. இந்த நம்பர்ல எனக்கு ஓரளவு உறுதி இருக்கு, பெட்ரோல் விலை பத்து ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் இது பெருசா ஆடாது, ஏன்னா காரோட கனம் முழுக்க தேய்மானத்துலயும் வட்டியிலயும்தான் இருக்கு.

ஆனா ஒண்ணு, நீங்க கேக்காத ஒரு வண்டி நடுவுல நிக்குது. சென்னையில சைக்கிளுக்கு நிஜ போட்டி கார் கிடையாது, ஸ்கூட்டர். 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு வாங்கி அஞ்சு வருஷம் கழிச்சு 45 ஆயிரத்துக்கு தள்ளிட்டு, நடுவுல இன்சூரன்ஸ், சர்வீஸ்னு 25 ஆயிரம் செலவு பண்ணா மாசம் 1,500, ஆபீஸ் பெட்ரோல் 890, மொத்தம் 2,390. சைக்கிளுக்கும் இதுக்கும் வித்தியாசம் 1,720 ரூபாய்தான். இப்போ ஒரு வேடிக்கையை கேளுங்க. 18 கிலோமீட்டர் மிதிச்சா சுமாரா 450, 500 கலோரி எரியும், அது கிட்டத்தட்ட ஒரு ப்ளேட் பொங்கல் வடை. நான் முதல் ரெண்டு மாசம் ஆபீசுக்கு பக்கத்துல இருக்கிற மெஸ்ல சைக்கிளை சாத்திட்டு தினமும் பொங்கல் வடை சாப்பிட்டுட்டுதான் சீட்டுக்கே போவேன், பசி அப்படி பசிக்கும். 80 ரூபா, 22 நாள், 1,760. மிச்சம் பண்ண காசு அப்படியே நெய்யோட வயித்துக்குள்ள போயிடுச்சு. பெட்ரோலை விட பொங்கல் காஸ்ட்லியான எரிபொருள்னு அன்னைக்கு கத்துக்கிட்டேன். வீட்லயே நாலு இட்லி கூட சாப்பிட்டா இந்த செலவு காணாம போயிடும், இல்ல தொப்பை இருந்தா அதுவே எரியும், ஆனா விஷயம் என்னன்னா ஸ்கூட்டர் கூட வச்சு பாக்கும்போது காசுக்காக மட்டும் சைக்கிள் வாங்கறதுல அர்த்தம் இல்ல. வேற காரணம் வேணும்.

நேரத்தை வச்சு ஒரு கணக்கு இருக்கு. இவான் இல்லிச்னு ஒருத்தர் 1970கள்ல அமெரிக்காவை வச்சு போட்டது. ஒருத்தன் காரை ஓட்டற நேரம் மட்டும் இல்ல, அந்த காருக்காக சம்பாதிக்க உழைக்கிற நேரத்தையும் கூட்டினா வருஷத்துக்கு 1,600 மணி நேரம் வருது, அதுல அவன் போற தூரம் 12 ஆயிரம் கிலோமீட்டர், ஆக மணிக்கு 8 கிலோமீட்டர் கூட இல்லன்னார். நான் உங்க நம்பரை போட்டுப் பாத்தேன். மாசம் 200 மணி நேரம் வேலைன்னா உங்க ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய். காருக்கு மாசம் 18,260ன்னா 61 மணி நேரம் காருக்காக உழைக்கிறீங்க. 600 கிலோமீட்டரை சராசரி 20ல ஓட்டினா இன்னொரு 30 மணி. 91 மணி நேரத்துல 600 கிலோமீட்டர், மணிக்கு ஆறரை. கோயில் பிரகாரத்துல வேகமா நடக்கிறவர் கிட்டத்தட்ட இந்த ஸ்பீடு வருவார். சைக்கிள் 16ல மிதிச்சு, அதோட செலவுக்கு உழைக்கிற ரெண்டு மணி நேரத்தையும் கூட்டினா 14க்கு மேல வருது, பொங்கலையும் சேர்த்தா 12. ஆனா இதை ரொம்ப தூக்கி பிடிக்க மாட்டேன். மாச சம்பளக்காரன் மிச்சமான 61 மணி நேரத்தை கம்பெனிக்கிட்ட திருப்பி கொடுத்து வாங்கிக்க முடியாது, ஆபீஸ் விடற நேரம் அதேதான். தவிர கார்ல நாலு பேர் உக்காரலாம், ஏசி இருக்கு, அதுக்கெல்லாம் இந்த கணக்குல மார்க் கிடையாது. ஆனா இஎம்ஐ இருக்கிறவன் வேலையை விடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிப்பான், அந்த பயத்தை நான் 2013ல அனுபவிச்சிருக்கேன், பிடிக்காத வேலையில ஒன்றரை வருஷம் காருக்காகவே உக்காந்திருந்தேன்.

உங்க ரூட்டுக்கு வர்றேன். சென்னை தட்டையான ஊர், மேடுன்னா அது மேம்பாலம்தான், அதனால மிதிக்கிறது கஷ்டமே இல்ல. மேடவாக்கம் மெயின் ரோட்டுல மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை, கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், வாணுவம்பேட்டை, ஆதம்பாக்கம்னு தகரம் அடிச்சு வச்சிருக்கிற இடங்கள்ல ரோடே பாதியா சுருங்கிடுது. கார் அங்க மாட்டினா மாட்டினதுதான். சைக்கிள்னா ஆதம்பாக்கம் உள்தெருவுக்குள்ள புகுந்து வெளிய வந்துடலாம். கடைசி ரெண்டு வருஷமா டைரியில எழுதி வச்சிருக்கேன், எனக்கு சைக்கிள்ல 26ல இருந்து 30 நிமிஷம், ஏறக்குறைய தினமும் அதேதான். பக்கத்து வீட்டுக்காரர் அதே எஸ்டேட்டுக்கு கார்ல போறார், அவருக்கு ஒரு நாள் 22, ஒரு நாள் 55. வேகத்தை விட இந்த நிச்சயம்தான் எனக்கு பெரிய லாபம், 8:20க்கு கிளம்பினா 8:50க்கு சீட்ல இருப்பேன்னு வாட்ச்மேனே சொல்லிடுவார்.

வெயிலை பத்தி பொய் சொல்ல மாட்டேன். காலையில 8 மணிக்கே ஏப்ரல், மே, ஜூன்ல நனைஞ்சுடுவீங்க, சூட்டை விட காத்துல இருக்கிற ஈரம்தான் வில்லன், வேர்வை காயவே காயாது. திங்கக்கிழமை அஞ்சு சட்டையை ஒரு பையில கொண்டுபோய் டிராயர்ல வச்சுடுவேன், ஒரு துண்டு, ஒரு சின்ன டப்பா பவுடர், பாத்ரூம்ல பத்து நிமிஷம். போய் இறங்கின உடனே முகம் கழுவி சட்டை மாத்தினா பிரயோஜனம் இல்ல, உடம்பு சூடு அடங்க கால் மணி ஆகும், அதுக்குள்ள மாத்தின சட்டையும் நனைஞ்சுடும், அதனால முதல்ல ஃபேனுக்கு கீழ உக்காந்து தண்ணி குடிங்க, அப்புறம் மாத்துங்க. சாயந்திரம் திரும்பும்போது கடல் காத்து தென்கிழக்குல இருந்து வீசும், உங்களுக்கும் எனக்கும் அது எதிர்க்காத்து, ஒரு கியர் கம்மி பண்ணிட்டு பேசாம மிதிக்க வேண்டியதுதான், ஆனா அந்த காத்து பட்டா வர்ற சுகம் ஏசியில வராது, இது என் பாரபட்சம்னே வச்சுக்கோங்க.

மழைன்னா அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மாசத்துல ஆறேழு நாள் விட்டுடுங்க. நனையறது பிரச்சினையே இல்ல, தண்ணிக்கு அடியில மேன்ஹோல் மூடி இருக்கா இல்லையான்னு தெரியாது. முழங்கால் தண்ணியில சைக்கிள் ஓட்டற வீரம் வேண்டாம். அதே சமயம் கார்காரங்க நிலைமையும் நீங்க பாத்திருப்பீங்க, 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா காரை கொண்டுபோய் நிறுத்தினாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல ஒருத்தர் கார்ல தண்ணி ஏறிடுச்சு, வடிஞ்ச உடனே ஆசையா சாவியை திருப்பி ஸ்டார்ட் பண்ணார், இன்ஜின் உள்ள தண்ணி இருக்கும்போது அப்படி பண்ணவே கூடாது, பிஸ்டன் தண்ணியை அமுக்க முடியாம ராடு வளைஞ்சுடும். இன்சூரன்ஸ்ல இன்ஜினுக்குன்னு தனி ஆட் ஆன் எடுக்கல, க்ளெய்ம் கிடைக்கல, ஒன்றரை லட்சம் கைக்காசு. என் சைக்கிளும் ரெண்டு நாள் தண்ணியிலதான் கிடந்தது, மாடிக்கு தூக்க மறந்துட்டேன். எங்க மெக்கானிக் அண்ணன் பெடல் அச்சு இருக்கிற பாட்டம் பிராக்கெட்டை கழட்டினப்போ உள்ள இருந்து டீ கலர்ல தண்ணி கொட்டுச்சு, கூடவே துரு புடிச்ச பேரிங் பால்ஸ். ஒவ்வொண்ணா பழைய டூத் பிரஷ்ல மண்ணெண்ணெய் தொட்டு தேச்சார், நாலஞ்சு தேறல, அதை மட்டும் புதுசு போட்டு, பச்சை கிரீஸை விரல்ல வழிச்சு உள்ள அப்பி மூடினார். 400 ரூபாய், ஒரு மணி நேரம்.

இப்போ பயப்பட வேண்டிய விஷயம். 2022ல இந்தியா முழுக்க சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசு கணக்கு, அதுல கிட்டத்தட்ட 45 சதவீதம் டூவீலர்காரங்க, சைக்கிள்காரங்க 3 சதவீதம் கிட்ட. இதை வச்சு "பாத்தியா, சைக்கிள்தான் சேஃப்"னு சில பேர் வாட்சப்ல சுத்த விடறாங்க, அது தப்பான கணக்கு. சைக்கிள் ஓட்டறவங்களே குறைவு, எத்தனை பேர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டறாங்கன்னு கீழ வகுக்க ஒரு நம்பர் வேணும், அது இல்லாம எது சேஃப்னு சொல்ல முடியாது. கார்ல உக்காந்திருக்கிறவனை சுத்தி தகரமும் ஏர்பேகும் இருக்கு, என்னை சுத்தி ஒண்ணும் இல்ல, இது மட்டும் நிச்சயம். 2019ல ஒரு உள்தெருவுல நின்னுக்கிட்டிருந்த கேப்ல பின் சீட்ல இருந்தவர் திடீர்னு கதவை திறந்தார், நான் நேரா போய் அதுல. காலர் எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் தூளி கட்டி கையை மடிச்சு வச்சிருந்தேன், ஆஸ்பத்திரி பில்லுல கம்பெனி இன்சூரன்ஸ் போக என் கையில இருந்து 11 ஆயிரம், ஆறு வாரம் ஆட்டோ செலவு தனி. இதை சைக்கிள் கணக்குல எழுதாம மேல அந்த 670 ரூபாயை மட்டும் காட்டினா நான் ஆடிட்ல மாட்ட வேண்டிய ஆளு. அன்னையில இருந்து நிக்கிற வண்டிக்கும் எனக்கும் ஒரு கதவு அகலம் விட்டுதான் போறேன், பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் சரி. பஸ் ஸ்டாப்புல பஸ்சுக்கு இடது பக்கம் புகவே புகாதீங்க, ஷேர் ஆட்டோ கை காட்டற ஆளை பாத்தா எந்த நொடியும் ஒடிப்பான், அவன் பின்னாடி ஒட்டாதீங்க.

இதுல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. கார், பைக் சொந்தக்காரருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்து கவர் கட்டாயம், சைக்கிளுக்கு லைசென்சும் வேண்டாம், ஆர்சியும் வேண்டாம், அதனாலயே இந்த கவரும் கிடையாது. மோட்டார் வண்டி உங்களை இடிச்சா அவங்க தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல இருந்து மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துல நஷ்ட ஈடு கேக்கலாம், ஆனா நீங்களா பள்ளத்துல விழுந்தா கேக்க ஆளு இல்ல. அதனால சைக்கிள் வாங்கற அன்னைக்கே தனியா ஒரு விபத்து பாலிசி எடுத்துடுங்க, பெருசா செலவு ஆகாது.

உடம்பு விஷயம். 2017ல பிரிட்டன்ல 2 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு வந்தது, சைக்கிள்ல வேலைக்கு போறவங்களுக்கு சாவு வாய்ப்பு 41 சதவீதம் கம்மியா இருந்துச்சுன்னாங்க. 2010ல நெதர்லாந்து ஆளுங்க, புகை சுவாசிக்கிறதையும் விபத்தையும் கழிச்ச பிறகும் சைக்கிள்ல லாபம்தான்னு கணக்கு போட்டாங்க. ரெண்டுமே நல்ல ஆய்வு, ஆனா ஏற்கனவே ஆரோக்கியமா இருக்கிறவன்தான் சைக்கிள் எடுக்கிறானோங்கற சந்தேகம் இந்த மாதிரி ஆய்வுல எப்பவும் இருக்கும், தவிர அவங்க ரோடும் காத்தும் வேற, நம்ம வேளச்சேரி ரோட்டு தூசி வேற. என் கதைன்னா, 82 கிலோல இருந்து 74க்கு வந்தேன், சர்க்கரை எல்லையில இருந்தது இறங்குச்சு, ஆனா அதே சமயத்துல ராத்திரி பரோட்டாவையும் விட்டேன், எது வேலை செஞ்சுதுன்னு பிரிச்சு சொல்ல முடியாது.

சரி, நினைச்ச நேரத்துக்கு கிளம்பற விஷயம். எங்க சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம். 1990களோட ஆரம்பத்துல அங்க அறிவொளி இயக்கம் நடந்தப்போ எழுத்தோட சேர்த்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்கொடுத்தாங்க, ஆயிரக்கணக்குல கத்துக்கிட்டாங்க, எங்க அம்மாவும் அதுல ஒருத்தர். லேடீஸ் சைக்கிள் எங்க கிடைச்சுது, வாடகைக்கு எடுத்த பார் வச்ச சைக்கிள்தான், சேலையை இழுத்து சொருகிட்டு, தங்கச்சியை முன்னாடி பார்ல உக்கார வச்சுக்கிட்டு சந்தைக்கு போவாங்க. அதுக்கு முன்னாடி எங்க போகணும்னாலும் ஒண்ணு பஸ்சுக்கு நிக்கணும், இல்ல அப்பா வரணும். "யாரையும் கேக்காம கிளம்பினேன்டா"ன்னு இன்னைக்கும் சொல்வாங்க. சின்ன வயசுல இருந்து கேட்டதால சைக்கிள்ன்னாலே எனக்கு அந்த வாக்கியம்தான். டி.நகர்ல பார்க்கிங் தேட வேண்டாம், பூக்கடை பாத்தா நிறுத்தலாம், ஒன்வேல தப்பா போயிட்டா இறங்கி தள்ளிட்டு வந்தா நான் நடந்து போற ஆளு, எந்த போலீசும் நிறுத்த மாட்டார்.

ஆனா அதே அம்மா 2021ல ஒரு ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலிக்குதுன்னு எழுந்து உக்காந்தாங்க. ஆப்ல கேப் போட்டேன், ரெண்டு தடவை கேன்சல். பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியோடயே சாவியை எடுத்துக்கிட்டு ஓடி வந்தார், அவர் கார்லதான் போனோம். கடைசியில வாயுத் தொல்லைதான், ஆனா அந்த பத்து நிமிஷம் நான் வித்த காரை நினைச்சுக்கிட்டேதான் வாசல்ல நின்னேன். 108க்கு அடிச்சிருக்கணும், பதட்டத்துல தோணல. இப்போ அந்த நம்பர் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொஞ்சம் பெருசா போகுது. காரோட சுதந்திரம்ங்கறது இந்த மாதிரி வருஷத்துல ரெண்டு மூணு ராத்திரிக்கும், பொங்கலுக்கு ஊருக்கு போறப்போ ரிசர்வேஷன் கிடைக்காத அந்த ஒரு வாரத்துக்கும்தான் நிஜமா தேவைப்படுது, மீதி நாள் அது வாசல்ல நின்னு மாசம் 13,600 சாப்பிடும். அந்த ராத்திரிகளுக்கு அந்த காசு தகுமான்னா, உங்க அம்மாவுக்கு ஏற்கனவே இருதயம், மூட்டு மாதிரி பிரச்சினை இருந்தா தகும்னுதான் நான் சொல்வேன், அப்போ புதுசு வேண்டாம், அஞ்சு வருஷ பழைய கார் எடுங்க, தேய்மானத்துல பெரும்பங்கை முதல் ஆளு கட்டி முடிச்சிருப்பான். அந்த மாதிரி இல்லன்னா இப்போதைக்கு கார் வேண்டாம்ங்கறது என் கருத்து.

மரியாதை பத்தியும் கேட்டிருந்தீங்க. முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல பேஸ்மென்ட்ல சைக்கிளை விட மாட்டாங்க, "சார், அது பைக் ஸ்லாட்டு, நீங்க ஜெனரேட்டர் பக்கம் சாத்திடுங்க"ன்னு செக்யூரிட்டி சொல்வார், மேனேஜர்னு தெரிஞ்ச பிறகும் அதேதான். மாமனார் வீட்ல முதல் வருஷம் "மாப்பிள்ளைக்கு வேலையில ஏதாவது பிரச்சினையா"ன்னு என் வீட்டம்மாகிட்ட ரகசியமா விசாரிச்சாங்க. ரெண்டு வருஷம் உறுத்தும், அப்புறம் பழகிடும், இதுக்கு மேல இதுல சொல்ல எதுவும் இல்ல.

உடனே எதையும் புக் பண்ணாதீங்க. யார்கிட்டயாவது ஒரு சைக்கிள் இரவல் வாங்கி ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஒரு தடவை ரூட்டை ஓட்டிப் பாருங்க, அப்புறம் ஒரு மாசம் வாரத்துல மூணு நாள் மட்டும். கூடவே ஒரு நோட்டுல "இன்னைக்கு கார் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்"னு தோணற ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு காரணத்தோட எழுதுங்க, உங்க வீட்டுக்காரங்களையும் தனியா ஒரு நோட்டுல எழுத சொல்லுங்க, ஏன்னா அவங்க கணக்கும் உங்க கணக்கும் ஒண்ணா இருக்காது, எங்க வீட்ல எனக்கு மாசம் ரெண்டு, அவங்களுக்கு ஒன்பது. அந்த ஒன்பதைப் பாத்துட்டுதான் நாங்க ஸ்கூட்டர் வாங்கினோம். ரெண்டு நோட்டையும் இங்க போடுங்க, கூடவே உங்க உயரத்தையும் சொல்லுங்க, ஃப்ரேம் சைஸ் பாக்காம ஆஃபர்ல கிடைக்குதுன்னு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிட்டு முட்டி வலிக்குதுன்னு வந்து நிக்கிறவங்க நிறைய.